புதுப்பிக்காத 1969 டாட்ஜ் சார்ஜர் ஆர்/டி: அறிகுறி பார்த்துப் பழுது நீக்கும் வழிமுறை

இது 1969 டாட்ஜ் சார்ஜர் ஆர்/டி வண்டிக்கானது. அதிலும் 440 மேக்னம் எஞ்சின், கார்ட்டர் ஏவிஎஸ் நாலு பேரல் கார்புரேட்டர், டார்க்ஃப்ளைட் 727 ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் பூட்டி வந்த வண்டிக்கு. 440 கன அங்குலம் என்றால் 7.2 லிட்டர், கம்பெனிக் கணக்கில் 375 குதிரைசக்தி. அந்த ஆண்டு ஆர்/டி சுமார் 20,000 வெளிவந்தது. அதனால் வண்டியே அபூர்வம் என்று சொல்ல முடியாது. ஆலையில் அடித்த பெயின்ட், ஆலையில் கட்டிய வயரிங், ஆலையில் பூட்டிய எஞ்சின் மூன்றும் மாறாமல் நிற்கும் வண்டிதான் அபூர்வம்.

புதுப்பித்த வண்டியில் சந்தேகம் வந்தால் ஒரு பாகத்தை மாற்றிப் பார்த்துவிடலாம். இங்கே அந்தப் பழக்கம் ஆகாது. ரேடியேட்டர், ஆல்டர்னேட்டர், கார்புரேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர் எல்லாவற்றிலும் பாக எண்ணும் தேதிக் குறியும் இருக்கும். அவை இந்த வண்டியின் தேதியோடு ஒத்துப்போவதால்தான் அதற்கு மதிப்பு. ஆகவே எந்தக் கோளாறுக்கும் வரிசை ஒன்றுதான்: முதலில் அளந்து பாருங்கள், பிறகு சுத்தம் செய்யுங்கள், அதிலும் தீராவிட்டால் மட்டும் மாற்றுங்கள். வயரை வெட்டாதீர்கள், புதிதாக ஓட்டை போடாதீர்கள். கழற்றிய பழைய பாகத்தை ஜிப் பையில் போட்டு, எங்கிருந்து, எந்தத் தேதியில் எடுத்தது என்று சீட்டு எழுதி வையுங்கள். பிரேக், டயர், பெட்ரோல் ஹோஸ் மூன்றுக்கும் இந்தத் தயக்கம் வேண்டாம். 50 வருட ரப்பரை நம்பி இரண்டு டன்னுக்குப் பக்கத்தில் எடையுள்ள வண்டியை ஓட்டுவது பக்தி ஆகாது.

கையில் வேண்டியவை: மல்டிமீட்டர், டெஸ்ட் லேம்ப், டைமிங் லைட், டுவெல் மீட்டர் (இக்னிஷன் பாயின்ட் மூடியிருக்கும் கோணத்தை அளப்பது), வேக்குவம் கேஜ், கையால் இழுக்கும் வேக்குவம் பம்ப், இன்ஃப்ராரெட் வெப்பமானி, 1969-க்கான டாட்ஜ் சர்வீஸ் மேனுவல்.

தொடங்கும் முன் டேஷ்போர்டின் மேல், ஓட்டுநர் பக்கக் கண்ணாடி வழியாகத் தெரியும் எண் தகட்டைப் படித்துவிடுங்கள். எக்ஸ்-எஸ்-29-எல்-9 என்று தொடங்க வேண்டும். 29 என்பது இரண்டு கதவு ஹார்ட்டாப், எல் என்பது 440 மேக்னம், 9 என்பது 1969. ஐந்தாவது எழுத்து ஜே என்றால் அது 426 ஹெமி. அதன் அளவுகள் வேறு, இந்தக் குறிப்பு அதற்குப் பொருந்தாது. 9-க்கு அடுத்த எழுத்து ஆலையைச் சொல்லும்: பி என்றால் டெட்ராய்ட் அருகே ஹாம்ட்ராமக், ஜி என்றால் செயின்ட் லூயிஸ்.

## ஸ்டார்ட் ஆகிறது, சாவியை விட்டதும் அணைகிறது

இதைக் கேட்டதும் பேலஸ்ட் ரெசிஸ்டரைப் பாருங்கள். ஃபயர்வாலில் (எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள தகடு) திருகியிருக்கும் வெள்ளைப் பீங்கான் கட்டை அது. செல்ஃப் அடிக்கும்போது காயிலுக்குக் கரண்ட் பழுப்பு வயர் வழியாக, இந்தக் கட்டையைத் தொடாமல் நேரே போகிறது. சாவியை விட்டதும் நீல வயர் வழியாக, கட்டைக்குள் புகுந்து போகிறது. கட்டைக்குள் இருக்கும் கம்பி அறுந்திருந்தால் செல்ஃபில் எஞ்சின் பிடிக்கும், விட்ட நொடியே சாகும்.

சாவியை ரன்னில் வைத்து, எஞ்சின் ஓடாமல், பாயின்ட் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் காயில் கரண்டைத் திறந்து மூடும் தொடுமுனை) மூடிய நிலையில் அளக்கவும். நீல வயர் பக்கம் ஏறக்குறைய பேட்டரி வோல்ட், காயில் பக்கம் சுமார் 9 வோல்ட் வர வேண்டும். நீலத்தில் 12 இருந்து காயில் பக்கம் பூஜ்யம் என்றால் கட்டை போய்விட்டது. நீலத்திலேயே ஒன்றும் இல்லை என்றால் கட்டையைக் குறை சொல்லாதீர்கள். கோளாறு சாவி சுவிட்சிலோ, அடுத்த தலைப்பில் வரும் ஃபயர்வால் கனெக்டரிலோ இருக்கிறது. ஒரு பக்க வயரைக் கழற்றி ஓம் பார்த்தால் 0.5 முதல் 0.6 காட்ட வேண்டும்.

நடுவழியில் நின்றால் இரண்டு முனையையும் ஒரு வயரால் இணைத்து வீடு வரை வரலாம். அதற்கு மேல் ஓட்டினால் பாயின்ட் கருகும், காயில் கொதிக்கும். 1969 கட்டைக்கு இரண்டே முனை. பின்னாளில் எலக்ட்ரானிக் இக்னிஷனுக்கு வந்த நாலு முனைக் கட்டையைக் கடைக்காரர் கொடுத்தால் வாங்க வேண்டாம். உதிரி ஒன்றை எப்போதும் க்ளவ் பாக்ஸில் வைத்திருங்கள்.

அறிகுறி தலைகீழாகவும் வரும். செல்ஃப் எவ்வளவு சுற்றினாலும் பிடிக்காமல், சாவியை விடுகிற அந்தக் கணத்தில் மட்டும் எஞ்சின் உதறிப் பிடித்தால், பழுப்பு வயர்ப் பாதை அறுந்திருக்கிறது.

## விளக்கு மங்குகிறது, அம்மீட்டர் முள் நடுங்குகிறது, டேஷ் பக்கம் பிளாஸ்டிக் கருகும் வாடை

இந்த வண்டியையே எரித்துவிடக்கூடிய கோளாறு இது. வாடை வந்தால் அன்றைக்கு ஓட்டுவதை நிறுத்திவிட்டுப் பாருங்கள்.

கரண்ட் போகும் வழியைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. ஆல்டர்னேட்டரிலிருந்து தடித்த கறுப்பு வயர் ஃபயர்வால் கனெக்டர் வழியாக உள்ளே வந்து அம்மீட்டரின் ஒரு போல்டில் ஏறுகிறது. மறு போல்டிலிருந்து சிவப்பு வயர் மீண்டும் ஃபயர்வால் கனெக்டர் வழியாக வெளியே போய், ஃபியூசிபிள் லிங்க் (கரண்ட் மிஞ்சினால் உருகி வயரைக் காக்கும் துண்டு) தாண்டி, ஸ்டார்டர் ரிலே போல்டு வழியாக பேட்டரியைச் சேர்கிறது. விளக்கு, ஹீட்டர், வைப்பர் எல்லாம் கறுப்பு வயரில் உள்ளே இருக்கும் ஒரு ஒட்டுச் சேர்க்கையிலிருந்து பிரிகின்றன. ஆக, வண்டியின் மொத்த கரண்டும் கால் அங்குல அகலத் தகட்டு முனைகளைத் தாண்டித்தான் போயாக வேண்டும். அந்த முனைகளில் 50 வருடக் களிம்பு. களிம்பு ஏறினால் தடை, தடை ஏறினால் சூடு. சூட்டில் முனையின் பிடி தளர்ந்து இன்னும் தடை ஏறும். கடைசியில் பிளாஸ்டிக் உருகும்.

1. பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். எஞ்சின் பக்கம் மூன்று பிளக் தெரியும். போட்டோ எடுத்துவிட்டு, பக்கவாட்டுக் கொக்கியை அழுத்தி ஒவ்வொன்றாக நேராக இழுங்கள். பழைய பிளாஸ்டிக் காய்ந்த அப்பளம் போல நொறுங்கும். ஸ்க்ரூடிரைவரால் நெம்பக் கூடாது. குளிர்காலமாக இருந்தால் ஹேர் டிரையரால் லேசாகச் சூடாக்கிக்கொள்ளுங்கள்.

2. தடித்த கறுப்பு, தடித்த சிவப்பு இரண்டின் முனைகளையும் பாருங்கள். பச்சை பூத்திருந்தால் சுத்தம் செய்தால் போதும். நீலம் பாய்ந்து, சுற்றிலும் பிளாஸ்டிக் பழுப்பாகியிருந்தால் அந்த முனை சூட்டில் வெந்து பிடியை இழந்துவிட்டது. அந்த முனையை மட்டும் பின்பக்கமாக உருவி, அதே வகை புது முனை அழுத்திப் போட வேண்டும். கனெக்டர் கூட்டை மாற்ற வேண்டியதில்லை.

3. ஃபைபர் கிளாஸ் பிரஷ், கான்டாக்ட் கிளீனர் கொண்டு சுத்தம். பெண் முனையை மெல்லிய குறட்டால் ஒரு முடியளவு நெருக்குங்கள். டைஎலக்ட்ரிக் கிரீஸ் லேசாகத் தடவிப் பூட்டுங்கள்.

4. அம்மீட்டர் பின்புற நட்டுகளைத் தொட்டுப் பாருங்கள். தளர்ந்திருந்தால் இறுக்கலாம், ஆனால் போல்டு உள்ளே சுழல விடக் கூடாது, உள்ளிருக்கும் ஃபைபர் வாஷர் கிழிந்தால் நேரடி ஷார்ட்.

5. பேட்டரியை இணைத்து, எஞ்சினை 1,500 ஆர்பிஎம்மில் வைத்து, ஹெட்லைட்டும் ஹீட்டரும் போட்டு, ஆல்டர்னேட்டர் அவுட்புட் போல்டுக்கும் பேட்டரி பாசிட்டிவுக்கும் இடையே வோல்ட் பாருங்கள். 0.5-க்குள் இருந்தால் நல்லது. அதற்கு மேல் போனால் ஒவ்வொரு இணைப்பாகப் பிரித்து அளந்து, 0.2-க்கு மேல் தின்கிற இடத்தைப் பிடியுங்கள்.

வண்டியை அடிக்கடி சாலையில் எடுப்பவர்கள், ஆல்டர்னேட்டர் போல்டிலிருந்து ஸ்டார்டர் ரிலே போல்டுக்கு 10 கேஜ் வயர் ஒன்றை 14 கேஜ் ஃபியூசிபிள் லிங்க்குடன் இணையாகப் போடலாம். எதையும் வெட்டாமல் இரண்டு நட்டில் மாட்டுவது. கண்காட்சிக்கு முன் கழற்றிவிடலாம். போட்ட பிறகு அம்மீட்டர் முள் அதிகம் அசையாது, அது கோளாறு இல்லை. இந்த மாற்றத்தை ஏற்காத உரிமையாளர்கள் உண்டு, அவர்கள் வருடம் ஒருமுறை மேலே சொன்ன ஐந்தையும் செய்தால் போதும். ஆலை போட்ட ஃபியூசிபிள் லிங்க்கை எடுத்துவிட்டுச் சாதாரண வயர் கோர்ப்பதை மட்டும் யாரும் செய்யக் கூடாது.

பேட்டரி கொதித்தால் ரெகுலேட்டரை மாற்றும் முன் இதே கனெக்டரைச் சந்தேகியுங்கள். ரெகுலேட்டர் வோல்டை அறிவது சாவியிலிருந்து வரும் நீல வயர் மூலம். அந்த வயரில் ஒரு வோல்ட் விழுந்தால், சார்ஜ் குறைவு என்று நினைத்து ஒரு வோல்ட் கூட்டிக் கொடுக்கும். ரெகுலேட்டர் கூட்டுக்கும் ஃபயர்வாலுக்கும் இடையே எர்த் சரியில்லாவிட்டாலும் இதே கதை. சூடான எஞ்சினில் பேட்டரி முனையில் 13.8 முதல் 14.4 வரை வர வேண்டும். 15 தாண்டினால் ஓட்டாதீர்கள். பாயின்ட் வைத்த மெக்கானிக்கல் ரெகுலேட்டர் வந்த கடைசி ஆண்டு 1969. 1970 முதல் வந்த எலக்ட்ரானிக் ரெகுலேட்டருக்கு இரண்டு ஃபீல்டு வயர் உள்ள ஆல்டர்னேட்டர் வேண்டும், இதில் பொருந்தாது. பழைய கூட்டின் உருவத்திலேயே உள்ளே எலக்ட்ரானிக் வைத்து வருவது கிடைக்கிறது, அதுவே போதும்.

## பெட்ரோல், டெம்பரேச்சர், ஆயில் மூன்று முள்ளும் சேர்ந்து ஏறுகின்றன, அல்லது சேர்ந்து படுக்கின்றன

மூன்றும் ஒரே நேரத்தில் கெடாது. மூன்றுக்கும் பொதுவானது வோல்டேஜ் லிமிட்டர்: 12 வோல்டை விட்டு விட்டுக் கொடுத்துச் சராசரி 5 ஆக்கும் சிறு பாகம். இந்த டேஷில் அது பெட்ரோல் மீட்டரின் கூட்டுக்குள்ளேயே இருக்கிறது. அது மூடிய நிலையில் ஒட்டிக்கொண்டால் மூன்று மீட்டருக்கும் முழு 12 வோல்ட் பாயும், உள்ளே சுற்றிய கம்பி கருகும். முள் எல்லாம் வலது ஓரத்தில் மோதிய உடனே சாவியை அணையுங்கள். ஆலை மீட்டர் கருகினால் அதற்கு ஈடு கிடைப்பது கடினம்.

டெம்பரேச்சர் சென்டர் (அளவை உணர்ந்து மீட்டருக்கு அனுப்பும் பாகம்) வயரைக் கழற்றி, அதற்கும் எர்த்துக்கும் இடையே முள் வோல்ட்மீட்டர் பிடித்தால் துடிக்க வேண்டும். அசையாமல் 12 நின்றால் லிமிட்டர் ஒட்டிவிட்டது, பூஜ்யத்தில் நின்றால் திறந்தே கிடக்கிறது. உள் லிமிட்டரைச் செயலிழக்க வைத்து, வெளியே எலக்ட்ரானிக் லிமிட்டர் போடுவதே சரியான தீர்வு.

பெட்ரோல் முள் மட்டும் காலி காட்டுகிறதா? டேங்க் சென்டரின் குழாய்க்கும் வண்டியின் பெட்ரோல் பைப்புக்கும் நடுவே இருக்கும் ரப்பர் ஹோஸைத் தாண்டி ஒரு சின்ன உலோகப் பட்டை கிளிப்பாக மாட்டியிருக்கும். சென்டருக்கு எர்த் அதுதான். யாரோ ஹோஸ் மாற்றியபோது அதைத் தொலைத்திருப்பார்கள். அது இருந்தும் சரியில்லை என்றால் சென்டரின் ஓம் பாருங்கள்: டேங்க் நிறைந்தால் 10, காலியானால் 73 அருகில்.

## பல வருடம் நின்ற வண்டி, முதல் ஸ்டார்ட்

சாவியைத் தொடாதீர்கள். எட்டு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு தேக்கரண்டி மெல்லிய ஆயில் விட்டு ஒரு நாள் விடுங்கள். பிறகு கிராங்க் போல்டில் 1¼ அங்குல சாக்கெட் வைத்துக் கையால் சுற்றுங்கள். இறுகினால் பலம் போடாமல் மறுபடி ஆயில் விட்டுக் காத்திருங்கள்.

அடுத்து ஆயில் பம்பை எஞ்சின் ஓடாமலே ஓட்டி பிரஷர் ஏற்ற வேண்டும். முதல் சிலிண்டரை மேல்நிலைக்கு (பிஸ்டன் உச்சிக்கு வரும் நிலை)க் கொண்டு வந்து, ரோட்டர் நிற்கும் திசையைக் குறித்துக்கொண்டு டிஸ்ட்ரிபியூட்டரை உருவுங்கள். அடியில் இருக்கும் கியர் தண்டையும் எடுங்கள். 5/16 அங்குல ஆறுபட்டைக் கம்பியை உள்ளே விட்டு, டிரில் மெஷினால் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றுங்கள். பாரம் ஏறுவது கையில் தெரியும். ராக்கருக்கு ஆயில் கேம் ஷாஃப்ட் வழியாகப் போவதால், குறிப்பிட்ட கோணங்களில் மட்டும்தான் மேலே வரும். ஒருவர் டிரில் பிடிக்க, மற்றவர் கிராங்கைக் கால் சுற்றாகத் திருப்பினால் இரண்டு பக்க ராக்கரும் நனையும். கியர் தண்டைத் திரும்பப் போடும்போது முதல் சிலிண்டர் மேல்நிலையில், அதன் வெட்டு கிராங்க் ஷாஃப்டுக்கு இணையாக நிற்க வேண்டும். ஃபயரிங் வரிசை 1-8-4-3-6-5-7-2, ரோட்டர் சுற்றுவது கடிகார எதிர்த்திசை.

டேங்கில் இருக்கும் பழைய பெட்ரோலை இழுக்க விடாதீர்கள். வார்னிஷ் வாடை அடித்தால் அது பெட்ரோலே இல்லை. பம்ப் ஹோஸை வெளியே ஒரு கேனில் விட்டு ஓட்டிப் பாருங்கள். இது ஃப்ளாட் டேப்பட் கேம், அதாவது டேப்பட்டின் தட்டை அடி கேம் மேல் உரசியே ஓடும். ஆயிலில் சிங்க் சேர்மானம் 1,200 பிபிஎம் அளவாவது இருக்கட்டும். இன்றைய கார்களுக்கான ஆயிலில் அது குறைவு. கேம் முனை தேய்ந்தால் எஞ்சினையே பிரிக்க வேண்டி வரும்.

## சூடானபின் நிறுத்தினால், திரும்ப ஸ்டார்ட் ஆக மறுக்கிறது

ஏர் கிளீனரைக் கழற்றிக் கார்புரேட்டருக்குள் எட்டிப் பார்த்தால் அரை நிமிடத்தில் வழி தெரிந்துவிடும். த்ராட்டிலைக் கையால் தள்ளும்போது பெட்ரோல் பலமாகப் பீய்ச்சினால் பெட்ரோல் சரி. காயில், கண்டென்சர் பக்கம் போங்கள். சூட்டில் சாகும் கண்டென்சரும் காயிலும் ஆறியபின் நல்லபிள்ளை ஆகிவிடும், அதனால் சூடாக இருக்கும்போதே ஸ்பார்க் பாருங்கள்.

பீய்ச்சவே இல்லை என்றால் பைப்பில் ஆவி அடைத்திருக்கிறது. நிறுத்திய எஞ்சினில் பெட்ரோல் தானாகச் சொட்டிக்கொண்டிருந்தால் கார்புரேட்டர் கொதிக்கிறது. த்ராட்டிலை முழுக்கத் திறந்து பிடித்தபடி செல்ஃப் அடித்தால் பிடிக்கும். இரண்டுக்கும் முதல் சந்தேகம் வலப்பக்க எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் இருக்கும் ஹீட் ரைஸர் வால்வு. துரு ஏறி மூடியபடி நின்றால் சூட்டுப் புகை முழுக்கக் கார்புரேட்டர் அடியில் ஓடும். ஆறிய எஞ்சினில் எதிர் எடையைக் கையால் ஆட்டினால் தளர்வாக அசைய வேண்டும். அசையாவிட்டால் துரு நீக்கும் ஆயில் விட்டு லேசாகத் தட்டித் தளர்த்துங்கள். சில வண்டிகளில் பெட்ரோல் ஃபில்டருக்கு மூன்று முனை இருக்கும். சிறிய முனை ஆவியை டேங்குக்குத் திருப்புவது. அது மேல் நோக்கி நிற்கும்படி ஃபில்டரைத் திருப்புங்கள்.

எத்தனால் 10 சதவீதம் கலந்த பெட்ரோல் சீக்கிரம் ஆவியாகும், பழைய ரப்பரையும் கரைக்கும். எத்தனால் இல்லாதது கிடைக்கிற ஊரில் அதையே ஊற்றுங்கள்.

## முழு த்ராட்டிலில் பிக்கப் வந்து, சட்டென்று திணறுகிறது

பம்ப் ஹோஸை ஒரு பாட்டிலில் விட்டு, ஐடிலில் ஒரு நிமிடம் ஓட விடுங்கள். ஏறக்குறைய ஒரு லிட்டர் வர வேண்டும். குறைந்தால் பலரும் புது பம்ப் வாங்கிப் பூட்டுவார்கள், திணறல் அப்படியே இருக்கும். இந்த எஞ்சினில் கேமுக்கும் பம்புக்கும் இடையே ஒரு தள்ளுகம்பி இருக்கிறது, தேய்வது அது. புதுக் கம்பி ஏறத்தாழ 3.22 அங்குலம். 1/16 அங்குலம் குறைந்திருந்தாலே பம்பின் வீச்சு போய்விடும். பம்பைக் கழற்றி, அடியில் உள்ள திருகு மூடியைத் திறந்தால் கம்பி கீழே வரும். கெட்டி கிரீஸ் தடவி மேலே ஒட்டிப் பூட்டலாம்.

கம்பி சரி என்றால், டேங்க் மூடியைத் தளர்த்தி ஒருமுறை ஓட்டுங்கள். திணறல் போனால் டேங்குக்குக் காற்று போகவில்லை. அதுவும் இல்லை என்றால் டேங்குக்குள் இருக்கும் சல்லடை. அழுத்தம் 6 பிஎஸ்ஐ தாண்டக் கூடாது. தாண்டினால் ஊசி வால்வு பிடிக்காமல் வழியும்.

## ஐடிலிங் உதறுகிறது, ஹெட்லைட் கதவும் சோம்பலாகத் திறக்கிறது

இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். 1969 சார்ஜரின் ஹெட்லைட் கதவு வேக்குவத்தில் இயங்குவது. அதன் ஹோஸ் எங்கே வெடித்திருந்தாலும் எஞ்சின் அங்கிருந்து காற்றை இழுக்கும். மேனிஃபோல்டில் கதவுகளுக்குப் போகும் ஹோஸைக் கிள்ளிப் பிடியுங்கள். ஐடிலிங் நின்று நிதானமானால் கசிவு அந்தப் பக்கம். பிறகு கை பம்பை ஒவ்வொரு டயாஃப்ரத்திலும் மாட்டி பாதரசக் கணக்கில் 15 அங்குலம் இழுத்து ஒரு நிமிடம் பாருங்கள், முள் இறங்கக் கூடாது. நிறுத்திய வண்டியில் கதவு மெல்லத் தானாக நகர்ந்தால் செக் வால்வு. விளக்கு சுவிட்ச் பின்னால் இருக்கும் வேக்குவம் வால்வும் கசியும். அதைக் கடைசியில் பாருங்கள், எடுப்பது சிரமம். ஹோஸ்களில் ஆலை போட்ட வண்ணக் கோடுகள் இருக்கும். நடுவில் நன்றாக இருந்து முனை மட்டும் வெடித்திருந்தால் அரை அங்குலம் வெட்டி மாட்டினால் போதும்.

## டைமிங் குறி அலைகிறது, ஏற்றத்தில் நாக்கிங்

டைமிங் செயின் தளர்ந்திருக்கலாம். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியை எடுத்து, கிராங்கை ஒரு திசையில் சுற்றி நிறுத்துங்கள். பிறகு எதிர்த்திசையில் மெல்லத் திருப்பி, ரோட்டர் அசையத் தொடங்கும் வரை எத்தனை டிகிரி சும்மா போகிறது என்று பாருங்கள். 10 டிகிரி தாண்டினால் செயின் போய்விட்டது. பல 440-களில் கேம் கியரின் பற்களுக்கு நைலான் உறை. அது உதிர்ந்து சம்பில் விழுந்து ஆயில் சல்லடையை அடைக்கும். ஆகவே செயின் மாற்றினால் சம்பையும் இறக்கியே ஆக வேண்டும்.

செயின் நன்றாக இருந்தும் குறி நம்பும்படி இல்லை என்றால், கிராங்க் முன்முனையில் இருக்கும் பேலன்சரின் வெளி வளையம் ரப்பரில் வழுக்கியிருக்கும். பிஸ்டன் ஸ்டாப் வைத்து உண்மையான மேல்நிலையைக் கண்டுபிடித்துப் பழைய குறியோடு ஒப்பிடுங்கள்.

பாயின்ட் இடைவெளி 0.017 முதல் 0.018 அங்குலம், டுவெல் 28 முதல் 33 டிகிரி. இது ஒற்றைப் பாயின்டுக்கு. வேக்குவம் ஹோஸைக் கழற்றி அடைத்துவிட்டு, மொத்த அட்வான்ஸ் 34 முதல் 36 டிகிரிக்குள் வையுங்கள். கம்ப்ரஷன் 10.1-க்கு 1, அமெரிக்க பம்பில் 91 முதல் 93 ஆக்டேன் வரை உள்ளதைத் தவிர வேறு ஊற்றாதீர்கள். அதற்கும் நாக்கிங் இருந்தால் இரண்டு டிகிரி குறையுங்கள்.

## சூடு ஏறுகிறது

டேஷ் முள்ளை நம்பும் முன் தெர்மோஸ்டாட் கூட்டில் வெப்பமானியைக் காட்டுங்கள். 82 முதல் 95 டிகிரி செல்சியஸ் சாதாரணம்.

நின்ற இடத்தில் ஏறி, ஓடும்போது இறங்கினால் காற்றுக் குறை: ஃபேன் கிளட்ச், ஃபேன் ஷ்ரௌட். ஓட ஓட ஏறினால் தண்ணீர்க் குறை: ரேடியேட்டர் அடைப்பு, அல்லது வேகத்தில் உறிஞ்சி ஒட்டிக்கொள்ளும் கீழ் ஹோஸ். இரண்டும் இல்லை என்றால் பிளாக்கின் இருபுறமும் சம்புக்கு மேலே உள்ள டிரெயின் பிளக்கைக் கழற்றுங்கள். தண்ணீர் வராவிட்டால் உள்ளே சேறு இறுகியிருக்கிறது. கம்பியால் குத்தி, திரும்பத் திரும்ப அலச வேண்டும். பின்பக்க சிலிண்டர்களைச் சுற்றித்தான் அதிகம் சேரும். ரேடியேட்டர் அடைத்திருந்தால் புதியது வாங்காமல், ஆலை டேங்குகளை வைத்துக்கொண்டு நடுக் கோரை மட்டும் மாற்றித் தரச் சொல்லுங்கள். மூடி 16 பிஎஸ்ஐ.

## கியர் போட்டும் வண்டி நகர நேரம் எடுக்கிறது, கீழே சிவப்பு ஆயில்

வாரக்கணக்கில் நின்ற 727-க்கு இது பெரும்பாலும் கோளாறே இல்லை. கன்வெர்ட்டரில் இருந்த ஆயில் சம்புக்கு இறங்கிவிட்டது. அந்தக் காலத்து 727 பார்க்கில் கன்வெர்ட்டரை நிரப்பாது. நியூட்ரலில் அரை நிமிடம் ஐடிலில் விட்டு, பிறகு கியர் போடுங்கள். இறங்கிய ஆயில் மட்டம் ஏறி, கியர் நெம்புகோல் தண்டின் சீல் வழியாகச் சொட்டும். அந்த ஒரு சீலை கியர்பாக்ஸை இறக்காமலே மாற்றலாம்.

ஆயில் மட்டம் பார்ப்பது சூடான எஞ்சின், ஐடிலிங், நியூட்ரல். பார்க்கில் பார்த்தால் தப்பான அளவு காட்டும், அதை நம்பிக் கூடுதலாக ஊற்றினால் நுரைக்கும். கார்புரேட்டரிலிருந்து கியர்பாக்ஸுக்குப் போகும் கிக்டவுன் கம்பியைக் கழற்றிவிட்டு ஒரு தெருகூட ஓட்டாதீர்கள். உள் அழுத்தம் அதைப் பொறுத்தது. இல்லாமல் ஓட்டினால் கிளட்ச் தட்டுகள் வழுக்கிக் கருகும். முழு த்ராட்டில் மிதித்த நிலையில் அந்தக் கம்பி தன் கடைசி எல்லையைத் தொட வேண்டும்.

பார்க்கில் செல்ஃப் அடிக்காமல் நியூட்ரலில் அடித்தால் கியர் லிங்கேஜ் சரிப்படுத்துங்கள். செல்ஃப் மோட்டாரில் ஒன்றுமில்லை.

## பிரேக் ஒரு பக்கம் இழுக்கிறது

ஓட்டி வந்ததும் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றுங்கள். இறுகியிருந்தால் பிளீடரை (பிரேக் ஆயிலை வெளியே விடும் சிறு திருகு) திறவுங்கள். உடனே தளர்ந்தால் ஹோஸ் உள்ளே வீங்கி ஒருவழியாக அடைக்கிறது. தளரவில்லை என்றால் டிரம், ஸ்பிரிங், அட்ஜஸ்டர். தானாகச் சரிப்படும் அட்ஜஸ்டரில் இடம், வலம் வேறு. மாற்றிப் பூட்டினால் ஒரு பக்கம் தளர்ந்துகொண்டே போகும். பிரேக் ஆயில் சிந்தினால் ஆலைப் பெயின்ட் உரியும், ஃபெண்டரை மூடிவிட்டு, பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள்.

இடப்பக்கச் சக்கரங்களின் நட்டு எதிர்மரை. போல்டு நுனியில் எல் என்று பொறித்திருக்கும். கடிகாரத் திசையில் சுற்றினால்தான் கழலும். டயர் கடையில் ஏர் கன்னால் போல்டை முறிப்பது இங்கேதான் நடக்கும், சொல்லாமல் வண்டியை ஒப்படைக்காதீர்கள். இறுக்கம் 65 அடி-பவுண்டு.

## டிக்கியில் ஈரம்

பின் கண்ணாடி இரு பக்கத் தூண்களுக்கு நடுவே உள்வாங்கி நிற்பதால் அதன் கீழ் மூலைகளில் தண்ணீரும் இலையும் தங்கும், தகடு அங்கேதான் முதலில் துருப்பிடிக்கும். ஒருவர் டிக்கிக்குள் டார்ச்சோடு இருக்க, வெளியே ஹோஸில் பிரஷர் இல்லாமல், கீழ் மூலையிலிருந்து தொடங்கி மேலே போய் நனையுங்கள். மேலிருந்து தொடங்கினால் எங்கே புகுந்தது என்று தெரியாது. கசிவு சிறிதென்றால் கண்ணாடியை எடுக்காமல், பட்டைக்கு அடியில் ஊடுருவும் மெல்லிய சீலன்ட் விட்டால் நிற்கும். பின் சீட்டும் நனைந்திருந்தால் அதைத் தூக்கும்போது அடி ஸ்பிரிங்குகளுக்கு நடுவே மடித்த தாள் இருக்கிறதா என்று பாருங்கள். ஆலையில் இந்த வண்டிக்கென்று அச்சிட்ட பிராட்காஸ்ட் ஷீட் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். பிய்த்து எடுக்காமல், ஸ்பிரிங் கம்பியை வளைத்து விடுவியுங்கள். மொறமொறப்பாக இருந்தால் விரிக்காமலே தட்டையான உறையில் வைத்துவிடுங்கள்.